சுரைக் குடுக்கையும் சுற்றாத சக்கரமும்

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் காலை, செங்கோட்டை இரயில் நிலையத்தில் நீங்கள் வந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மேற்கே மலைத்தொடர் நிற்கிறது. அதில் ஆரியங்காவுக் கணவாய் ஒரு வாசலைப் போலத் திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியே கேரளத்துப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. வெயில் ஒரு பக்கம் அடிக்க, பூந்தூறலாகச் சாரல் ஒரு பக்கம் விழுகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்துக்குப் போனால், பேரருவி பாறையில் மோதிப் பொங்குமாகடலில் விழுந்து, மீண்டும் எழுந்து, மனிதர் தலைமேல் கொட்டிக்கொண்டிருக்கிறது.

அருவியின் அடியில் நிற்கும்போது உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். இந்தத் தண்ணீரை மேலே ஏற்றுவதற்கு அங்கே பம்பு இல்லை; மோட்டார் இல்லை; ஏற்றம் இறைப்பவரும் இல்லை. ஆனாலும் இரவு பகலாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் இது தானாகவே ஓயாமல் இயங்கும் ஒரு பொறிதானே? இயற்கை செய்வதை நாமும் ஏன் செய்யக்கூடாது?

இந்தக் கேள்வி புதியது அன்று. எரிபொருள் இன்றி, ஆளும் மாடும் இன்றி, ஒருமுறை ஓடத் தொடங்கியபின் என்றென்றும் ஓடிக்கொண்டிருக்கும் பொறியை மனிதன் பல நூற்றாண்டுகளாகத் தேடியிருக்கிறான். இதனை ‘நிரந்தர இயக்கப் பொறி’ என்கிறோம். நம் நாட்டு வானியல் நூல்களில் இதற்கு ‘ஸ்வயம்வஹ யந்திரம்’ என்று பெயர். தன்னைத் தானே நடத்திக்கொள்வது என்பது பொருள். அந்தப் பெயரைத் தாங்கிய பொறிகளுள் ஒன்று உண்மையிலேயே சுற்றக்கூடியது. மற்றொன்று எக்காலத்தும் சுற்றாது. சுற்றக்கூடியது எது, சுற்றாதது எது, ஏன் என்று தெரிந்துகொண்டால், மிதக்கும் பொருளைக் கொண்டு நிரந்தர இயக்கப் பொறி செய்ய முடியாது என்பதும் நமக்கு விளங்கிவிடும்.

கங்கைகொண்ட சோழபுரத்து உரையாசிரியர்

கி.பி. 499இல் ஆரியபடர் தமது 23ஆம் வயதில் ‘ஆரியபடீயம்’ என்னும் நூலை இயற்றினார். அதன் கடைசிப் பகுதியான கோளபாதத்தில் ஒரு கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறார். மரத்தால் ஆன, எல்லாப் பக்கமும் ஒரே சீராக உருண்ட, கனம் குறைந்த ஓர் உருண்டை செய்யவேண்டும். பாதரசம், எண்ணெய், தண்ணீர் ஆகிய மூன்றையும் கொண்டு, காலத்துக்கு ஏற்ப அது சுழலும்படி செய்யவேண்டும். எப்படிச் செய்வது? அதை அவரவர் அறிவைக் கொண்டு செய்துகொள்ள வேண்டியது என்று விட்டுவிடுகிறார்!

அந்தப் புதிரை அவிழ்த்தவர்களுள் ஒருவர் தமிழகத்தவர். கங்கைகொண்ட சோழபுரத்தைச் சேர்ந்த சூரியதேவ யஜ்வர், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர். ஆரியபடீயத்துக்கு அவர் எழுதிய உரை புகழ்பெற்றது, கே. வி. சர்மா அதனைப் பதிப்பித்து 1976இல் புதுதில்லியில் வெளியிட்டார். பாதரசம், எண்ணெய், தண்ணீர் மூன்றுக்கும் என்ன வேலை என்பதைச் சூரியதேவர் பின்வருமாறு விளக்குகிறார்.

வடக்கிலும் தெற்கிலும் இரண்டு தூண்களை நடவேண்டும். உருண்டையின் நடுவே செல்லும் இரும்பு அச்சின் இரு முனைகளையும் அத்தூண்கள்மேல் பொருத்தவேண்டும். உருண்டை இழுபறியின்றிச் சுழல்வதற்காக அச்சுத் துளைகளில் எண்ணெய் விடவேண்டும். உருண்டையின் மேற்குப் பக்கத்துக்கு நேர் கீழே ஒரு குழி தோண்டி, அதில் உருளை வடிவான ஒரு சாடியை இறக்கவேண்டும். சாடியின் ஆழம், உருண்டையின் சுற்றளவுக்குச் சமமாக இருக்கவேண்டும். சாடியின் அடியில் ஒரு துளை இருக்கும். அதை அடைத்துவிட்டு, சாடி நிறையத் தண்ணீர் ஊற்றவேண்டும்.

அடுத்து, உருண்டையில் ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு கயிற்றைக் கட்டி, உருண்டையின் நடுவட்டத்தை ஒருமுறை சுற்றிக் கீழே கொண்டுவர வேண்டும். கயிற்றின் மறுமுனையில் காய்ந்த சுரைக் குடுக்கை ஒன்றைக் கட்டவேண்டும். குடுக்கைக்குள் தக்க அளவு பாதரசம் இருக்கவேண்டும். அந்தக் குடுக்கையைச் சாடித் தண்ணீரின்மேல் மிதக்கவிட்டு, அடித்துளையைத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான்! தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறும், நீர்மட்டம் இறங்கும், அதனுடன் குடுக்கையும் இறங்கும். பாதரசத்தின் கனத்தினால் அது கயிற்றை இழுக்கும். உருண்டை மேற்கு நோக்கிச் சுழலும். 30 நாழிகையில் பாதித் தண்ணீரும் அடுத்த 30 நாழிகையில் மீதித் தண்ணீரும் வடியுமாறு துளையைச் சரிசெய்துவிட்டால், ஒரு நாளைக்கு ஒரு சுற்றாக, வானத்தோடு ஒத்து உருண்டை சுழன்றுவிடும்.

கிராமத்துக் கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகளின் முதுகில் சுரைக் குடுக்கையைக் கட்டிவிடுவது வழக்கம். குளத்திலும் கிணற்றிலும் ஆளை மிதக்கவைத்த அதே குடுக்கை, இங்கே விண்ணுலக உருண்டையைச் சுழற்றும் எந்திரமாகிவிட்டது! மிதப்பு என்னும் இயற்கை நிகழ்ச்சியை இதைவிட அழகாகப் பயன்படுத்த முடியுமா?

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 60 நாழிகை கழிந்ததும் சாடி காலியாகிவிடும். மறுநாள் காலையில் யாராவது ஒருவர் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, மீண்டும் சாடியை நிரப்பவேண்டும். பார்ப்பவர்களுக்கு உருண்டை தானாகச் சுழல்வதுபோல் தோன்றும். உண்மையில் அதைச் சுழற்றுவது, தண்ணீரை மேலே தூக்கி ஊற்றிய அந்த மனிதரின் கைகள்தான்.

பாஸ்கரரின் சக்கரம்

குடம் எடுக்கும் வேலையும் இல்லாமல் ஒரு பொறி செய்ய முடியாதா என்று சிலர் எண்ணினர். கி.பி. 628இல் ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ எழுதிய பிரம்மகுப்தர், உள்ளே துளையுள்ள ஆரங்களில் பாதியளவு பாதரசம் நிரப்பிய ஒரு சக்கரத்தைப் பற்றிச் சொன்னார். 1150இல் ‘சித்தாந்த சிரோமணி’யை இயற்றிய இரண்டாம் பாஸ்கரர் அதனை மேலும் விளக்கினார். இலேசான மரத்தில் ஒரு சக்கரம் செய்யவேண்டும். அதன் ஆரங்கள் யாவும் ஒரே அளவான குழல்கள். எல்லாம் ஒரே பக்கமாகச் சற்றுச் சாய்ந்தவை. ஒவ்வொரு குழலிலும் பாதியளவு பாதரசம் ஊற்றி வாயை அடைத்துவிட வேண்டும். இரண்டு தூண்களுக்கு நடுவே நிறுத்தினால், அது தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது அவர் கூற்று.

இதன் பின்னுள்ள எண்ணத்தை ஊகிப்பது எளிது. ஒரு பக்கத்தில் பாதரசம் விளிம்பை நோக்கி ஓடும். மறுபக்கத்தில் அச்சை நோக்கி ஓடும். விளிம்புக்கு அருகிலுள்ள பாரம் அதிக வலிவுடன் இழுக்கும் அல்லவா? ஆகவே அந்தப் பக்கம் எப்போதும் கீழே இறங்கும். சக்கரம் ஓயாது சுற்றும்.

பாஸ்கரர் சாதாரணமானவர் அல்லர். அக்கால உலகின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவர். ஆயினும் இந்த ஒரு செய்தியில் அவர் தவறினார். முந்தைய ஆசிரியர்கள் சொன்ன ஸ்வயம்வஹப் பொறிகளைக் குறித்து, அவை வேறொன்றைச் சார்ந்திருப்பதால் நாட்டுப்புறத் தன்மையுள்ளவை என்று அவர் குறைத்து மதிப்பிட்டார். எதையும் சாராமல் தானே இயங்குவதே நுட்பமான பொறி என்பது அவருடைய கருத்து.

ஆனால் நடந்தது என்ன? எதைச் சார்ந்திருப்பது குறை என்று கருதப்பட்டதோ, அந்தச் சுரைக் குடுக்கைப் பொறிதான் சுற்றும். எதையும் சாராதது என்று போற்றப்பட்ட பாதரசச் சக்கரம் சுற்றாது!

ஏன் சுற்றாது? விளிம்புப் பக்கம் போகும் பாதரசம் வலிவாக இழுக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்த நேரத்தில் மறுபக்கத்தில் அதிகமான குழல்களின் பாரம் நிற்கிறது. ஒன்று மற்றொன்றைச் சரிக்கட்டிவிடுகிறது. இன்னும் எளிதாகச் சொல்வதானால், சக்கரம் ஒரு முழுச் சுற்று வந்தபின் ஒவ்வொரு துளிப் பாதரசமும் எந்த உயரத்தில் தொடங்கியதோ அதே உயரத்துக்கு வந்து சேர்கிறது. இறங்கியபோது கிடைத்ததெல்லாம் ஏறும்போது செலவாகிவிடுகிறது. மிச்சம் எதுவும் இல்லை. அச்சின் உராய்வுக்கும் பாதரசம் குழலுக்குள் அலைமோதுவதற்கும் ஆற்றல் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? கையால் தள்ளிவிட்டால் சக்கரம் சில சுற்றுகள் சுற்றும், பிறகு நின்றுவிடும்.

மிதப்பைக் கொண்டு ஒரு பொறி

இப்போது உங்களில் ஒருவர் இவ்வாறு வாதாடலாம்: “சக்கரத்தில் பாரம் ஏறவும் இறங்கவும் செய்கிறது, அதனால் கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் தண்ணீருக்குள் பொருளை மேலே தள்ள ஒரு விசை இருக்கிறதே! பாரம் இறங்க ஒரு பக்கம் காற்று, ஏற ஒரு பக்கம் தண்ணீர் என்று வைத்துவிட்டால் என்ன?”

நல்ல கேள்வி! அறிவியலில் ஆர்வமுள்ள பல மாணவர்கள் தம் நோட்டுப் புத்தகத்தில் ஒருமுறையாவது வரைந்து பார்த்திருக்கக்கூடிய பொறி இது. நாமும் வரைந்து பார்ப்போம்.

10 மீட்டர் உயரமுள்ள ஒரு நீர்த்தொட்டி. அதன் உச்சியிலும் அடியிலும் ஒவ்வொரு கப்பி. இரண்டையும் சுற்றி ஒரு சங்கிலி. சங்கிலியில் 1 மீட்டருக்கு ஒன்றாக உள்ளீடற்ற பந்துகள். ஒவ்வொன்றின் கொள்ளளவும் 1 லிட்டர். சங்கிலியின் ஒரு பக்கம் தொட்டித் தண்ணீருக்குள் மேலே செல்கிறது. மறுபக்கம் வெளியே காற்றில் கீழே இறங்குகிறது. தொட்டியின் அடியில் பந்து நுழைவதற்கு ஒரு துளை. நீர் ஒழுகாதபடி அதைச் சுற்றி இரப்பர் வளையம்.

தண்ணீருக்குள் எப்போதும் 10 பந்துகள் இருக்கும். ஆர்க்கிமிடீசு தத்துவத்தின்படி, மூழ்கிய பொருள் தான் இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமான விசையால் மேலே தள்ளப்படுகிறது. 1 லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோகிராம். எனவே 10 பந்துகளும் சேர்ந்து சங்கிலியை 10 கிலோகிராம் எடையளவு விசையோடு மேலே இழுக்கின்றன. பந்துகளின் சொந்த எடை இரு பக்கமும் சமம். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சங்கிலி 1 மீட்டர் நகர்ந்தால் நமக்குக் கிடைக்கும் வேலை 10 கிலோகிராம்-மீட்டர், அதாவது ஏறத்தாழ 98 ஜூல். பார்த்தீர்களா, இலாபம்!

சற்றுப் பொறுங்கள். சங்கிலி 1 மீட்டர் நகரும்போதெல்லாம் ஒரு புதிய பந்து அடித்துளை வழியாக நுழைந்தாக வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராம். நுழைகின்ற பந்தின் அடியில் தண்ணீர் இல்லை. மேலே மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் பந்தைத் தண்ணீர் மேலே தூக்குவதில்லை; கீழே தள்ளுகிறது! 1 லிட்டர் பந்தின் குறுக்குப் பரப்பு சுமார் 120 சதுர சென்டிமீட்டர். பந்து பாதி நுழைந்த நிலையில் அதன்மேல் ஏறத்தாழ 120 கிலோகிராம் எடையளவு விசை கீழ்நோக்கி அழுத்துகிறது. மேலே இழுப்பவை 10 பந்துகள். அவற்றின் விசை 10 கிலோகிராம் எடையளவே. பொறி அசையுமா?

“பந்து நுழைவது சிறிது தூரம்தானே, கையால் தள்ளிவிட்டால் அப்புறம் இலாபம்தானே?” என்கிறீர்களா? அதற்கும் கணக்கு உண்டு. சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராம் அழுத்தத்துக்கு எதிராக 1000 கன சென்டிமீட்டர் பருமனை உள்ளே திணிக்கவேண்டும். அதற்கு வேண்டிய வேலை 1000 கிலோகிராம்-சென்டிமீட்டர், அதாவது 10 கிலோகிராம்-மீட்டர். கிடைத்தது 10, கொடுக்கவேண்டியதும் 10. இலாபம் பூச்சியம்!

வேறு வழி பார்க்கலாம். இரப்பர் வளையத்துக்குப் பதிலாக, இரண்டு கதவுகள் உள்ள ஓர் அறையைத் தொட்டியின் அடியில் அமைப்போம். வெளிக்கதவைத் திறந்து பந்தை உள்ளே வைத்து, அதை மூடிவிட்டு, உட்கதவைத் திறப்போம். பந்து எளிதாகத் தண்ணீருக்குள் போய்விடும். ஆனால் பந்து விட்டுச்சென்ற இடத்தில் 1 லிட்டர் தண்ணீர் வந்து நிரம்பிக்கொள்ளும். அடுத்த பந்தை வைப்பதற்கு அந்தத் தண்ணீரை வெளியே விட்டாக வேண்டும். தொட்டி காலியாகாமல் இருக்க அதே 1 லிட்டரை 10 மீட்டர் உயரம் தூக்கி மேலே ஊற்றவேண்டும். எவ்வளவு வேலை? மறுபடியும் 10 கிலோகிராம்-மீட்டர்!

மூன்றாவது வழி: பந்துகளுக்குப் பதில் துருத்திகளை வைப்போம். முழுச் சங்கிலியும் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். கீழே வந்ததும் துருத்தி 1 லிட்டர் விரியவேண்டும். மேலே போனதும் சுருங்கவேண்டும். துளை தேவையில்லை, ஒழுக்கும் இல்லை. ஆனால் அடியில் விரியும் துருத்தி, சுற்றியுள்ள நீரைத் தள்ளிக்கொண்டுதானே விரியவேண்டும்? அதற்கு ஆகும் வேலையும் அதே 10 கிலோகிராம்-மீட்டர்தான்.

தொட்டியை 20 மீட்டராக உயர்த்தினால் வரவும் இரட்டிக்கும். அடியில் அழுத்தமும் இரட்டித்துச் செலவும் இரட்டிக்கும். மலைக் கணவாயில் எந்த வழியாகப் போனாலும் ஒரே சுங்கச் சாவடியைக் கடக்கவேண்டியிருப்பதைப்போல, தண்ணீருக்குள் எந்த வாசல் வழியே நுழைந்தாலும் கட்டவேண்டிய வரி ஒன்றே. இதற்குமேல் உராய்வுக்கும் ஒழுக்குக்கும் தனியாகக் கொடுத்தாக வேண்டும். ஆகவே பொறி நின்றுவிடுகிறது.

மிதப்பு ஒரு பண்டமாற்று

எப்படித் திருப்பினாலும் அதே 10 வருகிறதே, இது தற்செயலா? இல்லை. மிதப்பு என்பது என்ன என்று சிந்தித்தால் காரணம் புலப்படும்.

ஒரு பந்து தண்ணீருக்குள் மேலே ஏறும்போது, அது முன்பு இருந்த இடத்தை நிரப்ப அதே அளவு தண்ணீர் கீழே இறங்குகிறது. ஏற்றம் இறைக்கும்போது துலாவின் ஒரு முனை இறங்கினால்தான் மறுமுனை ஏறுகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். பந்தைத் தூக்குவது ஏதோ ஒரு மாய சக்தி அன்று; கீழே இறங்கும் தண்ணீரின் எடையே. பந்தை மறுபடி அடியில் கொண்டுபோய் நுழைக்கும்போது, இறங்கிய அந்தத் தண்ணீர் மறுபடி மேலே ஏறவேண்டும். இறங்கிய உயரமும் ஏறும் உயரமும் ஒன்றாக இருக்கையில் இலாபம் எங்கிருந்து வரும்?

இந்தக் கண்கொண்டு சூரியதேவரின் சாடியை மறுபடியும் பாருங்கள். காலையில் சாடியை நிரப்பும்போது, குடுக்கை தானாகவே மிதந்து மேலே வந்துவிடுகிறது. அதை யாரும் தூக்குவதில்லை. இலவசமாக ஏறியதுபோல் தோன்றுகிறது! ஆனால் அதைத் தூக்கியது, குடத்தில் கொண்டுவந்து ஊற்றப்பட்ட தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தூக்கியது மனிதரின் கை. கைக்கு வலிமை தந்தது முந்தைய வேளை உண்ட சோறு. சூரியதேவரின் பொறி இந்தக் கடனை மறைக்கவில்லை. அதனாலேயே அது சுற்றுகிறது.

ஐரோப்பாவில் இந்த உண்மையை மிகத் தெளிவாகக் கண்டவர்களுள் ஒருவர் சைமன் ஸ்டெவின் என்னும் பிளெமிய அறிஞர். 1586இல் அவர் வெளியிட்ட நீர்நிலையியல் நூலில் ஒரு வியப்பான வாதம் இருக்கிறது. அமைதியாக உள்ள நீருக்குள் ஒரு பகுதி நீரை மட்டும் மனத்தால் பிரித்து எண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார். அந்தப் பகுதி மேலேயோ கீழேயோ நகருமானால், அதன் இடத்துக்கு வரும் நீரும் அவ்வாறே நகரவேண்டும். பிறகு வருவதும் நகரவேண்டும். முடிவில்லாத இயக்கம் உண்டாகிவிடும். அது பொருந்தாது. எனவே நீருக்குள் உள்ள நீர் இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது சுற்றியுள்ள நீர், அந்தப் பகுதியின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையால் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நீரை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் வேறு பொருளை வைத்தாலும் அதே விசைதான் கிடைக்கும். இதுவே ஆர்க்கிமிடீசு தத்துவம்!

கவனித்தீர்களா? நிரந்தர இயக்கம் இயலாது என்பதை வைத்துக்கொண்டே ஸ்டெவின் மிதப்பின் விதியை நிறுவினார். அப்படியிருக்க, அதே விதியைக் கொண்டு நிரந்தர இயக்கப் பொறி செய்ய முயல்வது, அடித்தளத்தைத் தோண்டியெடுத்து மாடி கட்டுவதற்கு ஒப்பாகும்.

கணக்கு நேராகும் விதி

ஸ்டெவினுக்குப் பிறகும் மக்கள் ஓயவில்லை. சக்கரங்களும் சங்கிலிகளும் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. 1775இல் பாரிசு அறிவியல் கழகம், நிரந்தர இயக்கப் பொறி என்று கூறி வரும் எதையும் இனி ஆராய்வதில்லை என்று தீர்மானித்தது. இத்தகைய முயற்சிகளில் பலர் தம் பொருளை இழந்து குடும்பங்கள் சீரழிந்ததையும் கழகம் காரணமாக எடுத்துக்காட்டியது.

19ஆம் நூற்றாண்டில் 1842இல் ஜெர்மானிய மருத்துவர் மாயரும், 1843 முதல் இங்கிலாந்தின் ஜூலும், 1847இல் ஹெல்ம்ஹோல்ட்சும் ஆற்றல் அழிவின்மை விதியைத் தெளிவுபடுத்தினர். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றத்தான் முடியும். நம் 10 கிலோகிராம்-மீட்டர் மூன்று வழியிலும் மாறாமல் நின்றதற்குக் காரணம் இந்த விதிதான். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும், நிலைநாட்டப்பட்ட இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானவற்றைப் புத்தாக்கமாக ஏற்பதில்லை.

தண்ணீரை மேலே ஏற்றி, கீழே விட்டு, மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஆனைமலைப் பகுதியிலுள்ள காடம்பாறையில் 1987இல் அது செயல்படத் தொடங்கியது. மின்தேவை குறைந்த நேரத்தில் மிகுதியான மின்சாரத்தைக் கொண்டு கீழ் நீர்த்தேக்கத்தின் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவை மிகுந்த நேரத்தில் அதைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். இதில் இலாபம் உண்டா? ஆற்றலில் இல்லை. இத்தகைய நிலையங்களில், ஏற்றுவதற்குச் செலவான மின்சாரத்தில் பொதுவாக முக்கால் பங்களவே திரும்பக் கிடைக்கும். தேவையற்ற நேரத்து மின்சாரத்தைத் தேவையான நேரத்துக்கு மாற்றிக்கொள்வதே அதன் பயன். பொறியாளர்கள் இதை மறைப்பதில்லை. சூரியதேவர் குடத்தை மறைக்காததைப்போல.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அருகிலேயே சான்று உண்டு. செங்கோட்டையிலிருந்து விருதுநகர் செல்லும் இருப்புப் பாதையில் இராஜபாளையம் இருக்கிறது. 1996இல் அந்த வட்டாரத்திலிருந்து, தண்ணீரில் மூலிகையைக் கலந்து பெட்ரோல் செய்யலாம் என்று ஒரு செய்தி கிளம்பி நாடெங்கும் பரவியது. பலர் நம்பினர். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் கிடைக்கும் பொருள். அதிலிருந்து மறுபடி எரிபொருளைப் பெற, எரிந்தபோது வெளிப்பட்ட ஆற்றல் முழுவதையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஒரு பிடி மூலிகையில் அவ்வளவு ஆற்றல் ஏது? இந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்திருக்கும். பெட்ரோலியக் கரைப்பான்களைக் கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்றதாக வழக்கு நடந்து, 2016இல் சென்னை நீதிமன்றம் ஒன்று குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு 3 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அதற்குள் 20 ஆண்டுகள் ஓடிவிட்டன.

‘தானே ஓடும் ஜெனரேட்டர்’, ‘தண்ணீரில் ஓடும் வண்டி’ என்ற பெயர்களில் நாளையும் யாராவது உங்களிடம் வரலாம். அவருடைய படத்தில் உள்ள பற்சக்கரங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். “ஐயா, காலையில் குடம் எடுத்துத் தண்ணீர் ஊற்றுபவர் யார்?” என்று மட்டும் கேளுங்கள். அதற்கு விடை இருந்தால் மேலே பேசலாம். இல்லையென்றால் பணப்பையை மூடிக்கொள்ளலாம்.

மீண்டும் குற்றாலம்

அப்படியானால் குற்றாலத்தில் குடம் எடுப்பவர் யார்? தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை சொல்லவேண்டும் அல்லவா?

அந்தக் குடம் சூரியனின் கையில் இருக்கிறது. அரபிக்கடலின்மேல் வெயில் விழுகிறது; நீர் ஆவியாகிறது. நீராவி கலந்த காற்று, அதே வெப்பமும் அழுத்தமும் உள்ள உலர்ந்த காற்றைவிட இலேசானது. வெப்பமடைந்த ஈரக்காற்று, தண்ணீரில் குடுக்கை எழுவதைப்போல எழுகிறது. பருவக்காற்று அதை மலைமேல் தள்ளி ஏற்றுகிறது. மேலே சென்றதும் குளிர்ந்து மழையாகிறது. சிற்றாறாக ஓடி அருவியாக விழுகிறது. ஆம், மிதப்பு துணைசெய்யும் மாபெரும் பொறி ஒன்று செங்கோட்டைக்கு மேற்கே இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது! ஆனால் அது எதையும் சாராத பொறி அன்று.

அதன் செலவைக் கணக்கிட்டால் திகைப்பீர்கள். 1 லிட்டர் நீரை ஆவியாக்கச் சுமார் 24 இலட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அதே 1 லிட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைப்பது ஏறக்குறைய 1000 ஜூல். இவ்வளவு தாராளமாகச் செலவிடும் முதலாளி இருப்பதால்தான் அருவி நமக்கு இலவசமாகத் தோன்றுகிறது. அந்தக் காற்று வருவது நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பங்குனி, சித்திரை மாதங்களில் குற்றாலம் போனவர்கள் அறிவார்கள். அப்போது பேரருவிப் பாறை பெரும்பாலும் வறண்டு, வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

கணவாய்க் காற்றில் தென்காசி, சுரண்டைப் பகுதிகளில் சுழலும் காற்றாலைகளும், பொதிகை மலைச்சரிவில் 1944 முதல் மின்சாரம் தந்துவரும் பாபநாசம் நீர்மின் நிலையமும் அதே சூரியனைச் சார்ந்தவையே. சார்ந்திருப்பது பொறிக்கு இழிவு என்று பாஸ்கரர் எண்ணினார். அது இழிவு அன்று. இயங்குவதற்குக் கொடுக்கவேண்டிய விலை. உலகில் இன்றுவரை சுற்றிய பொறி எதுவும் அந்த விலையைக் கொடுக்காமல் சுற்றியதில்லை.

அடுத்த முறை சாரல் காலத்தில் குற்றாலம் போகும்போது, அருவியின் கீழ் நின்று ஒரு கணம் மேலே பாருங்கள். மேகம் மறைத்திருந்தாலும், அதற்கு அப்பால் குடம் சுமப்பவன் இருக்கிறான்.